வாய்விளங்கம் என்று நான் எழுதிக் கொடுத்தது

தாவரவியல் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்து ஓய்வு பெற்ற எனக்கு, ஓய்வுக்குப் பின்னும் வீடு தேடி வந்துகொண்டிருந்த வேலை ஒன்று உண்டு. செடிகளுக்கு அடையாளச் சான்றிதழ் எழுதிக் கொடுப்பது. மூலிகைகளை வைத்து ஆராய்ச்சி செய்பவர்களுக்கு அது எத்தனை அவசியம் என்பது வெளியில் உள்ளவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. வேதியியல் படித்தவரும் விலங்கியல் படித்தவரும் இலையையும் வேரையும் அரைத்துச் சாறெடுத்துப் பலவிதமாகச் சோதித்துப் பார்க்கிறார்கள். ஆனால் அரைத்தது எந்தச் செடி என்பதை அவர்களே சொல்லிக்கொள்ள முடியாது. தாவரவியல் கற்ற ஒருவர் மாதிரியைப் பார்த்து, இன்ன குடும்பம், இன்ன பேரினம், இன்ன சிற்றினம் என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். அந்த ஒற்றைத் தாள் இல்லாத ஆய்வேட்டை எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்பதில்லை.

நாகர்கோவிலிலிருந்தும் மதுரையிலிருந்தும் தென்காசிக்கு என்னைத் தேடி வந்தார்கள். சிலர் அல்வாப் பொட்டலத்தோடு வந்தார்கள்; அதை நான் வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன். பூவோ காயோ உள்ள கிளையைச் செய்தித்தாளில் அழுத்தி உலர்த்திக் கொண்டுவர வேண்டும், அதில் ஒரு மாதிரி என் அலமாரியில் தங்க வேண்டும் என்பவை என் விதிகள். கைலென்ஸ் ஒன்று மேசைமேல் எப்போதும் இருந்தது. வந்தவர் முன்னால் அதை நான் எடுத்ததில்லை. எடுக்கத் தேவை நேர்ந்ததில்லை என்றே நம்பியிருந்தேன். என் சான்றிதழ் ஒன்றுகூட எந்த இடத்திலும் கேள்விக்கு உள்ளானதில்லை என்று உறவினர் கூடும் இடங்களில் நானே சொல்லியிருக்கிறேன்.

அப்படி வந்தவர்களில் ஒருவர், நாற்பதை நெருங்கிய ஒரு பெண்மணி. தனியார் கல்லூரி ஒன்றில் விலங்கியல் விரிவுரையாளர். பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். பிறந்த ஊர் ராயகிரி. அவருடைய தகப்பனார் இன்றும் அங்கே ஆடு வளர்க்கிறார்.

"ஆட்டுக்கு என்ன நோய்?" என்று கேட்டேன்.

"வயித்துல புழு சார். ரத்தத்த உறிஞ்சுத புழு. மழைக்குப் பெறவுதான் வரும். கண்ணு இமையை இழுத்துப் பாத்தா வெள்ள வெளேர்னு இருக்கும். தாடைக்குக் கீழ நீர் கோத்துத் தொங்கும். ஒரு நாள் காலையில எந்திரிக்காது. டாக்டர் தார மருந்து முன்னால நல்லாக் கேட்டுது. இப்பம் நெறைய ஆட்டுக்குக் கேக்க மாட்டேங்கு. புழு பழகிட்டு."

"அதற்கு நீங்கள் என்ன செய்வதாக உத்தேசம்?"

"எங்க அப்பா கடையில வாய்விளங்கம் வாங்கி இடிச்சு மோர்ல கலக்கிக் குடுப்பாவ. ஒரு ஆட்டுக்குக் கேக்கும், ஒரு ஆட்டுக்குக் கேக்காது. ஏன்னு கேட்டா, அது ஆட்டோட ராசிம்பாவ. ராசியா இல்லையான்னு பாக்கத்தான் சார் வந்திருக்கேன்."

வாய்விளங்கம் கடையில் மிளகுபோல உலர்ந்த சிறு மணிகளாகக் கிடைக்கும். மரத்தில் தொற்றி ஏறும் ஒரு பெருங்கொடியின் காய் அது. கடைச்சரக்கை நம்ப வேண்டாம், கொடியிலிருந்து நேராகப் பறியுங்கள் என்று சொல்லி, குற்றாலத்துக்கு மேலே கிராம்புத் தோட்டம் வைத்திருக்கும் என் நண்பருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அங்கே வேலை பார்க்கும் முதியவர் ஒருவர் காய் பறித்துக் கொடுத்தார். ஒரு பை காயும், இலையோடு ஒரு கிளையும் என் மேசைக்கு வந்தன. அந்த முதல் பையை நான் முறைப்படிப் பார்த்தேன். இலை விளிம்பு வெட்டில்லாமல் வழுவழுப்பாக இருந்தது. காயின் நுனியில் சிறு கூர். ஒரு காயைப் பிளந்தேன், ஒற்றை விதை. வாய்விளங்கம் என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

சில மாதங்கள் கழித்து அவர் தொலைபேசியில் அழைத்தார். "சார் ஒரு தடவ வந்து பாக்கணும். நீங்க பேர் வெச்ச செடி என்ன செய்யுதுன்னு பாக்க வேண்டாமா?"

பெயர் வைத்தது நானல்ல, உறுதி செய்தது மட்டுமே நான் என்று திருத்திவிட்டு, வருவதாகச் சொன்னேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவருடைய நெறியாளரின் ஆய்வுக்கூடத்துக்குப் போகும் வழியில் அவர் ஆட்டோவை ஆட்டிறைச்சிக் கடை ஒன்றின் முன் நிறுத்தச் சொன்னார். உயிருள்ள புழு அன்று அறுத்த ஆட்டின் இரைப்பையில்தான் கிடைக்கும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். சைவக் குடும்பத்தில் பிறந்து எழுபது வயதைக் கடந்த நான், தெரிந்தவர் எவரும் பார்த்துவிடக் கூடாதே என்ற கவலையோடு கடையோரம் நின்றேன்.

கடைக்காரர் வெந்நீர்க் குடுவையைப் போன்ற ஒரு பாத்திரத்தை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டே சொன்னார்: "எக்கா, ஊர்ல எல்லாரும் ஈரல் இருக்கா, நெஞ்செலும்பு இருக்கான்னு கேட்டு வாராவ. நீங்க ஒரு ஆள்தான் புழு இருக்கான்னு கேட்டு வாரிய. சாருக்கும் அதேதானா?"

"சாருக்கு ஒண்ணும் வேண்டாம். சார் சைவம்."

"சைவமா? பெறவு எதுக்கு வாசனை பிடிச்சிக்கிட்டு நிக்காவ?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் ஆட்டோவில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஆய்வுக்கூடத்தில் அவர் அந்த இரைப்பையைப் பிளந்து, உடற்சூட்டில் வைத்திருந்த உப்புநீரில் அலசினார். பிறகு ஒரு கண்ணாடித் தட்டை என் முன்னால் நகர்த்தினார். பார்க்கச் சங்கடமாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் குனிந்தேன். அதில் பத்துப் பெண் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஓர் அங்குலம் இருக்கும். நூலைவிடச் சற்றே தடிமன். ஒவ்வொன்றின் உடலுக்குள்ளும் சிவப்பு இழை ஒன்றும் வெள்ளை இழை ஒன்றும் ஒன்றையொன்று சுற்றி, கைதேர்ந்தவர் திரித்த கயிறுபோல ஓடின. சிவப்பு, அது குடித்த ஆட்டின் இரத்தம் நிறைந்த குடல். வெள்ளை, அதன் முட்டைப் பை. ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் என்றார். அருவருப்பை எதிர்பார்த்துக் குனிந்த நான் நிமிர நெடுநேரம் ஆயிற்று. ஒரு ஆட்டை விழவைக்கும் உயிர் இத்தனை நேர்த்தியாகப் பின்னப்பட்டிருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

பிறகு அவர் சிறு குப்பி ஒன்றைக் காட்டினார். அதன் அடியில் பொன்னிறப் பொடி கொஞ்சம் மின்னிக்கொண்டிருந்தது. கறுத்து உலர்ந்த அந்தக் காய்களுக்குள்ளிருந்து பிரித்தெடுத்த பொருள் அது. அதைக் கரைத்து ஒரு தட்டில் விட்டார். இன்னொரு தட்டில் கரைப்பான் மட்டும். மூன்றாவது தட்டில் வெறும் உப்புநீர். மூன்று தட்டிலும் பத்துப் பத்துப் புழுக்கள்.

முதல் மணி நேரத்தில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டாவது மணியில் மருந்திட்ட தட்டில் நெளிவு தளர்ந்தது. வளைந்த உடல் நிமிர மறந்ததுபோல அப்படியே நின்றது. மூன்றாவது மணியில் அந்தத் தட்டு அசைவற்றுப் போயிற்று. பக்கத்துத் தட்டுகளில் புழுக்கள் முன்போலவே புரண்டுகொண்டிருந்தன. அசையாதவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வெதுவெதுப்பான நீரில் தொட்டுப் பார்த்தார். மயங்கியதாக இருந்தால் அந்தச் சூட்டில் உதறும் என்றார். ஒன்றும் உதறவில்லை.

அந்தக் கொடியை என் மாணவப் பருவத்திலிருந்தே அறிவேன். அதன் மகரந்தத் தாள்கள் எத்தனை, சூலகம் எப்படி அமைந்தது என்றெல்லாம் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். காட்டு விளிம்பில் எவர் கண்ணிலும் படாமல் நிற்கும் அது, தான் ஒருபோதும் காணாத ஒரு மிருகத்தின் வயிற்றில் வாழும் ஒரு புழுவை நிறுத்தக்கூடிய பொருளைத் தன் காய்க்குள் பொன்னாகச் சேர்த்து வைத்திருக்கிறது. யாருக்காகச் சேர்த்தது, எதற்கு எதிராகச் சேர்த்தது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பூவிதழ்களை எண்ணி முடித்ததும் செடியை அறிந்துவிட்டதாக இருந்திருக்கிறேன்.

"அப்பாட்ட இதச் சொன்னேன் சார்," என்றார் அவர், தட்டுகளைக் கழுவியபடி. "'தட்டுல சாவுததுக்கு ஆட்டு வயித்துல சாவ என்ன கேடு? எல்லாத்தையும் இங்கன கொண்டா'ன்னு சண்ட. தட்டு வேற, வயிறு வேற, எவ்வளவு குடுத்தா ஆட்டுக்கு ஆவாதுன்னே இன்னும் தெரியாதுன்னா, 'நீ படிச்சு முடிக்கங்குள்ள என் ஆட்டுக்கெடையே முடிஞ்சிரும்'ங்காவ."

அடுத்த ஆண்டு அதே சோதனையைப் புதிதாகப் பறித்த காய்களைக் கொண்டு திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. முதலில் கிடைத்த முடிவு மறுபடியும் கிடைத்தால்தான் அது முடிவு. இரண்டாவது பையோடு அவர் என் வீட்டுக்கு வந்த காலையில், குத்துக்கல்வலசையில் ஒரு புதுமனைப் புகுவிழாவுக்கு நானும் என் மனைவியும் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். கார் வாசலில் நின்றது. செய்தித்தாளில் பொதிந்த கிளையை அவர் பிரிக்கப் போனார்.

"அதே தோட்டம்தானே? அதே ஆள்தானே பறித்தார்?" என்று கேட்டேன்.

"ஆமா சார்."

பையைத் திறந்து ஒரு கை அள்ளிப் பார்த்தேன். உலர்ந்து மிளகுபோல் கறுத்த சிறு மணிகள். காரின் முகப்பில் வைத்துச் சான்றிதழில் கையொப்பமிட்டேன். பொதியைப் பிரிக்காமலே அலமாரியில் வைக்கச் சொன்னேன். "நாளை பார்த்துக்கொள்ளலாம்" என்றும் சொன்னதாக நினைவு. அந்த நாளை எட்டு மாதங்கள் கழித்து வந்தது.

எட்டு மாதங்கள் கழித்து, குற்றாலத்தில் சீசன் தொடங்கி, தென்காசியின் தெருக்களெல்லாம் ஈரத்துண்டோடு நடக்கும் வெளியூர்க்காரர்களால் நிறைந்திருந்த ஒரு பிற்பகலில், அவர் வந்து என் எதிரே உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது.

"சார், ஒரே செடி ஒரு வருசம் மருந்தாவும் அடுத்த வருசம் சும்மாவும் இருக்குமா?"

"ஏன்?"

"ரெண்டாவது பையில ஒண்ணுமே இல்ல சார். பொன்னிறப் பொடி கொஞ்சங்கூட வரல. சாறு போட்ட தட்டுலயும் புழு ஜம்முன்னு நெளியுது. நாலு தடவ செஞ்சி பாத்துட்டேன். எங்க கைடு மொத வருசக் கணக்க எடுத்து வெச்சிக்கிட்டு, 'இது ரொம்ப அழகா இருக்கும்மா, அதான் பயமா இருக்கு'ங்காரு. வாயத் தொறந்து பொய்யின்னு சொல்லல. ஆனா கமிட்டியில எழுதி வெச்சிட்டா என் அஞ்சு வருசமும் போச்சு சார். இன்னொரு எடத்துலயும் சேத்துக்கிட மாட்டாவ."

நான் ஒரு விளக்கம் சொன்னேன். அது பொய்யான விளக்கமல்ல. அதனால்தான் அதை நினைக்க இன்றும் கூசுகிறது. ஒரே சிற்றினத்துச் செடியிலும் மழை, மண், காய் முதிர்ந்த பருவம் இவற்றைப் பொறுத்து உட்பொருளின் அளவு மாறும். இது எல்லாரும் ஒப்புக்கொண்ட உண்மை. சென்ற ஆண்டு மழை தவறியதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் குறிப்பேட்டை எடுத்து வரிக்கு வரி எழுதிக்கொண்டார். என் பெயரையே ஆதாரமாகப் போட்டுக் கைடுக்கு எழுதித் தருவதாகச் சொல்லி, கொஞ்சம் தெம்போடு போனார்.

அவர் போன பிறகு, அந்த இரண்டு மாதிரிகளையும் பக்கத்தில் வைத்து ஒரு முறை பார்த்துவிடலாம் என்று அலமாரியைத் திறந்தேன். முதல் தாள் தெரிந்த தாள். இரண்டாவது பொதியைப் பிரித்தேன். இலையின் விளிம்பு ரம்பப் பல்லாக வெட்டியிருந்தது.

அப்போது கைலென்ஸை எடுத்தேன். எடுக்கவே வேண்டியதில்லை, ஒரு கெஜ தூரத்திலிருந்து முதலாண்டு மாணவனும் பார்த்துச் சொல்லியிருப்பான். கிளையில் ஒட்டியிருந்த காய் ஒன்றைச் சவரத் தகட்டால் பிளந்தேன். ஒற்றை விதை இருக்க வேண்டிய இடத்தில் மணல்போல எத்தனையோ விதைகள். இது வாய்விளங்கமே அல்ல. அதே குடும்பத்தில் எண்ணப்பட்டு வந்த வேறொரு குத்துச்செடி. காய் உலர்ந்தால் வெளிப்பார்வைக்கு அதைப் போலவே இருக்கும். வாய்விளங்கத்தில் இதைக் கலந்து விற்பார்கள் என்று நானே வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மூன்று நாட்கள் நான் எவரிடமும் சொல்லவில்லை. விளக்கம் ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. அதுவும் நூலறிவுக்கு ஒத்த விளக்கம். நெறியாளர் அதை ஏற்றுக்கொண்டால் யாருக்கும் நட்டமில்லை என்று எனக்கு நானே வாதாடினேன். ஏற்றுக்கொள்ளாவிட்டால் ஒரு பெண் ஐந்தாண்டு உழைப்போடு பொய்யர் என்ற பட்டத்தையும் சுமப்பார். சுமக்கப்போகிறவர் அவர், பொய் காரின் முகப்பில் எழுதப்பட்டது.

மூன்றாம் நாள் சாப்பிடும்போது என் மனைவி கேட்டாள்: "என்னத்த அப்படி யோசிக்கிய? ரெண்டு நாளா ரசத்துல உப்பில்ல. அதக்கூடச் சொல்லல."

சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இவ்வளவுதானா?" என்றாள். "நான் ஏதோ வியாதின்னுல்லா பயந்தேன். காலையில போயிச் சொல்லிட்டு வாங்க. அன்னைக்குக் கிளம்புத அவசரத்துல நாந்தான் விரட்டினேன்னு வேணா என் பேரச் சொல்லிக்கிடுங்க."

அவள் பெயரைச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் போவதற்கு முன்னால் மலைமேல் உள்ள அந்தத் தோட்டத்துக்கு ஜீப்பில் போனேன். காய் பறித்த முதியவர் கிராம்பு மரத்தடியில் களை வெட்டிக்கொண்டிருந்தார்.

"சென்ற வருடம் எந்தக் கொடியில் பறித்தீர்கள்?" என்றேன்.

"கொடியில ஏது சார் காய்? நீங்க சொல்லி அனுப்புததுக்குள்ள குருவி பூராத்தையும் கொத்திட்டுப் போயிட்டு. ஓடைப் பக்கம் குத்துச்செடியில கொத்துக் கொத்தா கெடந்துது. ரெண்டும் ஒரே மணிதான. அந்தம்மா பாவம், அம்புட்டுத் தூரம் வந்து வெறுங்கையோட போவக் கூடாதேன்னு பறிச்சுக் குடுத்தேன்."

"வேறு செடி என்று அவரிடம் சொல்லியிருக்கலாமே?"

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "சாரு பாத்துச் சொல்லட்டும்னு விட்டுட்டேன். படிச்சவிய நீங்க பாத்து, சரின்னு கையெழுத்துப் போட்டாச்சுன்னு அந்தம்மா சொன்னாவ. பெறவு நான் என்னத்தச் சொல்ல? நமக்குத்தான் தெரியல, ரெண்டும் ஒண்ணுதான் போலன்னு நானே நெனச்சிக்கிட்டேன்."

அந்த மலையில் ஐம்பது ஆண்டு திரிந்த ஒரு மனிதர், தன் கண் கண்டதை என் கையெழுத்துக்காக மாற்றிக்கொண்டிருக்கிறார். இதைவிடக் கடுமையாக என்னை எவரும் கண்டித்ததில்லை; அவர் கண்டிக்கவும் இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். நெறியாளர் என்னைவிட இருபது வயது இளையவர், மரியாதை தெரிந்தவர், நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. இரண்டு சோதனைக் குழாய்களும், இரண்டு ஆண்டுகளின் காய்ப்பொடியில் மிச்சமும், நீர்த்த அம்மோனியாவும் வேண்டும் என்றேன். வாய்விளங்கத்துக்கு ஒரு பழைய சோதனை உண்டு. பொடியைக் கரைப்பானில் குலுக்கி வடித்து, வடித்த நீரில் அம்மோனியாவைச் சொட்ட வேண்டும். படித்திருக்கிறேன், செய்து பார்த்ததில்லை.

அந்தப் பெண்மணி ஒன்றும் புரியாமல் பொடிகளைக் கொண்டுவந்தார். முதலாண்டுக் குழாயில் நானே சொட்டினேன். மஞ்சளாக இருந்த நீருக்குள் சொட்டு விழுந்த இடத்தில் ஊதா பிறந்தது. பிறந்து, கீழ்நோக்கிப் புகையாக இறங்கி, குழாய் முழுதும் பரவி நின்றது. சாயம் எதுவும் நாங்கள் சேர்க்கவில்லை. கறுத்த காய்க்குள் பொன், பொன்னுக்குள் ஊதா. ஒரு சொட்டு அம்மோனியா பட்டதும் எழுந்து வந்துவிட்டது. நான் வந்த காரியத்தைச் சில நொடிகள் மறந்து போனேன். நெறியாளரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது குழாயில் சொட்டினேன். கலங்கிய பழுப்பு, பழுப்பாகவே நின்றது.

"இரண்டாவது பை வாய்விளங்கம் அல்ல," என்றேன். "மாதிரியைப் பிரித்துப் பார்க்காமல் நான் சான்றிதழ் கொடுத்துவிட்டேன். இந்த அம்மையாரின் முதலாண்டுக் கணக்கில் பிழை இல்லை. மழையைப் பற்றி நான் சொன்னதை எடுத்துவிடுங்கள்."

நெறியாளர் மெல்லக் கேட்டார், என்னிடமல்ல, அந்தப் பெண்மணியிடம்: "இது அஞ்சு நிமிஷ டெஸ்ட்டும்மா. பொடி வரலைன்னதும் நாம ஏன் இதச் செஞ்சு பாக்கல?"

"சார் சர்டிபிகேட் இருந்துச்சுல்லா சார்," என்றார் அவர். குத்திக் காட்டுவதாக அவர் சொல்லவில்லை.

அங்கேயே உட்கார்ந்து, தவறான அடையாளத்தைத் திரும்பப் பெறுவதாக என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். அப்படி நான் எழுதிய முதல் கடிதம் அது. நெறியாளர் இரண்டு முறை படித்தார்.

"சார், தப்பா எடுத்துக்கக் கூடாது," என்றார். "சந்தேகம் தீர்ந்தது பாதிதான். மொத வருஷ முடிவு திரும்ப வரணும். மூணாவது பை எடுக்கட்டும். எந்தத் தட்டுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாம நானே எண்ணுறேன். அப்புறம்..." என்று தயங்கினார். "இந்தத் தடவ சான்றிதழ் வேற ஒருத்தர்ட்ட வாங்கிக்கலாம்னு..."

"அதுதான் முறை," என்றேன். சொல்ல முடிந்தது.

அடுத்த காய்ப்புக்கு, குருவிகளுக்கு முந்தி, நானும் அந்தப் பெண்மணியும் நெறியாளரும் மலைக்குப் போனோம். காய் பறிக்கும் முதியவர் முன்னால் நடந்தார். ஓடையைக் கடந்ததும் குத்துச்செடியைக் கையால் ஒதுக்கி, "இது இல்ல," என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, "அங்கன பாருங்க," என்று மேலே காட்டினார்.

என் அலமாரியில் ஒன்றரை அடித் தாளில் இருப்பது இங்கே ஒரு மரத்தைச் சுற்றி ஏறி, கிளை தாவி, இன்னொரு மரத்தின் தலைமேல் போய்க் கவிந்திருந்தது. அடித்தண்டு என் முழங்கையளவு தடிமன். கழுத்து வலிக்க அண்ணாந்தும் அதன் முடிவு தெரியவில்லை. மேலே சிறு பறவைகள் கொத்தும் சத்தம் மட்டும் வந்தது. கீழே ஓடையோரம் அந்தக் குத்துச்செடியும் இன்னும் உலராத வெள்ளைக் காய்களோடு நின்றது. ஆட்டின் புழுவை அது ஒன்றும் செய்யவில்லை என்பதை அறிவோம். வேறு எதற்கு எதிராக அது என்ன வைத்திருக்கிறது என்று யாரும் இன்னும் கேட்கவில்லை. அந்தச் சரிவில் நின்றவற்றில் பாதிக்கு மேல் எனக்குப் பெயர் சொல்லத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒன்றுக்கும் சொல்லத் தெரியாது. அப்படி நிற்பது தாழ்வாக இல்லை. கோயிலில் நிற்பதுபோல இருந்தது.

வேறு கல்லூரியைச் சேர்ந்த ஓர் இளைய தாவரவியலாளர் மூன்றாவது பைக்குச் சான்றளித்தார். காய்களைப் பிளந்து பார்த்த பிறகே கையொப்பமிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

எண்ணும் நாளில் என்னையும் அழைத்திருந்தார்கள். ஒன்பது தட்டுகள், அவற்றில் எழுத்துகள் மட்டும். எந்த எழுத்து எது என்ற தாளை அந்தப் பெண்மணி உறையிலிட்டு ஒட்டி, துறை எழுத்தரிடம் கொடுத்துவிட்டு, வெளி வராந்தாவில் போய் நின்றுகொண்டார். நெறியாளர் எண்ணினார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"அ, பத்தும் அசையுது. ஆ, ஒன்பது. இ... இ, ஒண்ணுமில்ல."

மூன்றாவது மணி நேரத்து எண்ணிக்கை முடியும்போது மூன்று தட்டுகளுக்கு எதிரே நான் சுழியம் எழுதியிருந்தேன். கடைசித் தட்டில் அவர் நெடுநேரம் குனிந்திருந்தார். "இதுல ஒண்ணு வால மட்டும் ஆட்டுது சார். எழுதிக்கோங்க." ஒன்று என்று எழுதினேன். அது மருந்திட்ட தட்டாக இருந்தால் அந்தப் பெண்மணியின் கணக்கு குறையும் என்று தெரிந்தே, தெளிவாக எழுதினேன்.

உறையைப் பிரித்தபோது மருந்திட்டவை நான்கு தட்டுகள். அந்த மூன்றும், வாலாட்டிய ஒன்று இருந்த தட்டும். மற்ற ஐந்தில் அநேகமாக எல்லாப் புழுக்களும் உயிரோடிருந்தன.

நெறியாளர் வராந்தாவுக்குப் போனார். "உள்ள வாம்மா. மொத வருஷ அத்தியாயத்துல ஒரு எழுத்தும் மாத்த வேண்டாம். இந்த ஒரு பிடிவாதக்காரனையும் சேத்து எழுது."

அவர் அழவில்லை. தட்டருகே வந்து அந்த ஒரு புழுவைக் குனிந்து பார்த்தார். "எங்க அப்பாட்ட இதச் சொல்லக் கூடாது சார்," என்றார். "அந்த ஒண்ணும் சாவட்டும், பெறவு பட்டம் வாங்குன்னுருவாவ."

ஆய்வேட்டைத் தட்டச்சுக்குக் கொடுக்கும் முன்னால் அவர் என் வீட்டுக்கு வந்தார். இரண்டாவது பையைப் பற்றிய பத்தியை எனக்குக் காட்டினார். 'பிழையாக அடையாளம் காணப்பட்டதால் இம்மாதிரி விலக்கப்பட்டது' என்று எழுதி, அடையாளம் கண்டவர் பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்.

"சார் பேரு வேண்டாம்னு கைடும் சொல்லிட்டாரு. 'ஒரு தாவரவியலாளர்'னு போட்டாப் போதுமாம்."

அந்த ஆய்வேட்டை நாளை எவரேனும் படிப்பார். அதே மலைக்கு, அதே கொடியைத் தேடிப் போவார். என் சான்றிதழோடு வேறு பைகளும் வேறு ஆய்வுக்கூடங்களில் இருக்கின்றன. எவற்றை மறுபடி பிளந்து பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமானால் பெயர் இருந்தாக வேண்டும்.

பேனாவை வாங்கி, அந்த இடத்தில் என் பெயரை முழுதாக எழுதினேன். பட்டங்களையும் விடவில்லை.